சுண்ணாம்புக் கோடு

இந்தக் கதையில் சீடனுக்கு அறுபது வயது. குருவுக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. சீடன் குருவை ‘மதாம்’ என்பான். குரு சீடனை ‘அண்ணே’ என்பார். அறுபது வயதுக்காரனை ‘அவன்’ என்கிறானே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். சீடன் என்றால் அவன்தான்.

ஆசிரமம் எதுவும் கிடையாது. பெல்ஜியத்தில், புருசெல்ஸுக்கு மேற்கே ஒரு கிராமம். அங்கே ஒரு செங்கல் கட்டடம். அதன் அடியில் ஒரு நிலவறை. நிலவறை முழுக்க மரப் பீப்பாய்கள், படுக்கவைத்த பாட்டில்கள், ஈரம்.

குருவின் பெயர் செலின். காரைக்காலில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் பிரான்சுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பிறகு இந்த ஊர்ப் பையன் ஒருவனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். மாமனார் புளிப்புப் பீர் கலப்பவர். மகனுக்கு அந்தத் தொழில் பிடிக்கவில்லை, மருமகளுக்குப் பிடித்தது. பெரியவர் போன பிறகு சாவி மருமகள் கைக்கு வந்தது.

புளிப்புப் பீர் என்றதும் கெட்டுப்போன பீர் என்று நினைத்துவிடக் கூடாது. தானியத்தைக் காய்ச்சி வடித்த நீரைக் குளிர்காலத்தில் அகலமான தொட்டியில் திறந்தே வைப்பார்கள். காற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதில் விழ, அது தானாகப் புளிக்கும். பிறகு அது பீப்பாயில் கிடக்கும். ஒரு வருடம் கிடந்தது இளசு, மூன்று வருடம் கிடந்தது முதிர்ந்தது. இரண்டையும் கலந்து பாட்டிலில் அடைத்தால் உள்ளேயே மறுபடி பொங்கி, பல வருடங்களுக்கு உயிரோடு இருக்கும். இளசு எவ்வளவு, முதிர்ந்தது எவ்வளவு என்பதுதான் தொழில். சண்டையும் அங்கேதான் வந்தது.

சீடன் சவரிராயன் புதுச்சேரிக்காரன். பெரியவர் காலத்திலிருந்தே இந்த நிலவறையில் பாட்டில் கழுவி, பீப்பாய் உருட்டிப் பழகியவன். ருசி பார்க்க மட்டும் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறான். கெட்டிக்காரன்தான். ஆனால் ஒரு இடத்தில் உட்கார மாட்டான். துடைத்த மேசையைத் திரும்பத் துடைப்பான். மூடிய கதவை மூடியிருக்கிறதா என்று போய்ப் பார்ப்பான். அவனோடு ஒரு மணி நேரம் இருந்தால் நமக்கே கால் அரிக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை அவன் இரண்டு பாட்டில்களைக் கூடையில் படுக்கவைத்துக் குருவின் முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

“மதாம், இதுல எது உயிரோட இருக்குது, எது செத்துப்போச்சுன்னு திறக்காமலே சொல்லணும்.”

“எதுக்கு?”

“ஞாயித்துக்கிழமை என் தம்பி வரான்.”

குருவுக்கு அது தெரியும். தம்பி அந்துவான் நிலவறைக்குத்தான் போன் செய்திருந்தான். வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லுங்கள் என்றான். அண்ணனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், சொன்னால் போதும் என்று வைத்துவிட்டான்.

“அவரு வரதுக்கும் பாட்டிலுக்கும் என்ன அண்ணே?”

சவரி நின்றுகொண்டே சொன்னான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் இங்கேதான் ஒன்றாக வேலை செய்தார்கள். ஒருநாள் பெரியவர் நல்ல மனநிலையில் இருந்தார். ஆளுக்கு ஒரு பெட்டி பாட்டில் நீங்களே கலந்து அடைத்துக்கொள்ளுங்கள் என்றார். சவரி முதிர்ந்த பீப்பாயிலிருந்து நிறைய எடுத்தான், அதுதான் காலத்துக்கும் நிற்கும் என்றான். அந்துவான் இளசில் நிறைய எடுத்தான், அதில்தான் உயிர் இருக்கிறது என்றான். யார் சொன்னது சரி என்று இருபத்தைந்து வருடம் கழித்துத் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

அந்த நிலவறையில் பாட்டிலுக்குச் சீட்டு ஒட்டும் வழக்கம் இல்லை. படுத்திருக்கும் பாட்டிலின் மேல்பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுப்பார்கள். எப்போது எடுத்தாலும் கோடு மேலேதான் இருக்க வேண்டும். புரண்டுவிட்டால் அடியில் படிந்த வண்டல் கலங்கிவிடும். சவரி தன் பாட்டில்களுக்கு ஒரு கோடு போட்டான். அந்துவான் இரண்டு கோடு போட்டான்.

“இது வரைக்கும் விளையாட்டுதான்” என்றார் குரு.

“இது வரைக்கும்தான் மதாம்.”

“அப்புறம்?”

சவரி கூடையின் பிரம்பைப் பிய்க்க ஆரம்பித்தான்.

“அடைச்சு முடிச்சதும் பெரியவர் ரெண்டு கலவையையும் ருசி பாத்தாரு. அவனோடத கொஞ்சம் அதிக நேரம் வாயில வச்சிருந்தாரு. வேற ஒண்ணும் சொல்லல. எனக்குத் தாங்கல. எல்லாரும் இருக்கும்போது அவனைப் பாத்து, உனக்கு நாக்கும் கிடையாது மூக்கும் கிடையாது, போய் மாமா கடையில டயர் மாட்டுடான்னு சொன்னேன்.”

“அவரு?”

“போயிட்டான். பிரான்சுல, லீல்ங்கிற ஊர்ல எங்க மாமாவுக்கு டயர் கடை இருந்துச்சு. நிஜமாவே அங்க போய் டயர் மாட்டினான். அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வரல. பீர்ப் பக்கமே வரல.”

குரு கூடையைப் பார்த்தார்.

“ஆளுக்கு ஒரு பெட்டின்னீங்க. மீதியெல்லாம் எங்க?”

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவன் அவ்வளவு நேரம் கூடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“திறந்துட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“நான் சொன்னது சரியா தப்பான்னு தெரிஞ்சுக்கணும் மதாம். அவன் போன ரெண்டாவது வருஷம் ஒரு ஜோடி திறந்தேன். என்னோடது நல்லா இருந்துச்சு. சந்தோஷமா இருந்துச்சு. யாருகிட்ட சொல்றது? தனியா திறந்தேன்னு சொல்ல முடியாதே. சரி, நிஜமாத்தானா பாப்போம்னு இன்னொரு ஜோடி திறந்தேன். அதுல அவனோடது நல்லா இருந்துச்சு. அப்புறம் எப்படிச் சும்மா இருக்கிறது? இன்னொண்ணு.”

“ஒருதடவை நீங்க, ஒருதடவை அவரு.”

“ஆமா மதாம். நான் ஜெயிச்சா சந்தேகம் வருது. அவன் ஜெயிச்சா தூக்கம் போவுது. கடைசியா இந்த ஜோடி மட்டும்தான் இருக்குது.”

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது.

“ஞாயித்துக்கிழமை நீங்க ஜெயிச்சா என்ன பண்ணுவீங்க?” என்று குரு கேட்டார்.

“ஒண்ணும் பண்ண மாட்டேன். அன்னிக்கு நான் சொன்னது நிஜம்னு ஆயிடும். நிம்மதியா தூங்குவேன்.”

“தோத்தா?”

தோற்றால் என்ன அர்த்தம் என்று சவரிக்குத் தெரியும். நல்ல நாக்கு உள்ள ஒருவனை, தம்பியை, பொறாமையில் டயர் மாட்ட அனுப்பிவிட்டான் என்று அர்த்தம். இத்தனை வருடமாக அவனைத் துரத்திக்கொண்டிருந்தது அதுதான்.

குரு மெழுகுவத்தி ஒன்றைக் கொளுத்தி மேசைமேல் வைத்தார். இரண்டு பாட்டில்களையும் கோடு மேலே இருக்கும்படியே மெதுவாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பிறகு கூடையில் வைத்தார்.

“ரெண்டுலயும் பீர் இருக்குது” என்றார்.

“அது எனக்குத் தெரியாதா மதாம்?”

“நான் பாத்தது அவ்வளவுதான்.”

ஆனால் சவரியும் பார்த்துவிட்டான். ஒற்றைக் கோடு பாட்டிலில் பீர் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. கார்க் வழியாகக் கசிந்திருக்கிறது. பீர் வெளியே போன வழியில் காற்று உள்ளே வந்திருக்கும். காற்று புகுந்த பாட்டிலில் என்ன இருக்கும் என்று இத்தனை வருடம் நிலவறையில் இருந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒற்றைக் கோடு அவனுடையது.

மறுநாள் அவன் வேலை ஏதும் பார்க்கவில்லை. பார்த்தான் என்றால் தப்புத் தப்பாகப் பார்த்தான். கழுவிய பாட்டில்களோடு கழுவாததைக் கலந்தான். குழாயைத் திறந்துவிட்டு மறந்தான். நிமிடத்துக்கு ஒருமுறை கூடைக்குப் போய், குனிந்து பார்த்துவிட்டு வந்தான். பீர் ஏறிவிடுமா என்ன.

மத்தியானம் குருவிடம் வந்து நின்றான்.

“மதாம், ஒரு கலவை நல்ல கலவையா இல்லையான்னு எதை வச்சுச் சொல்றது?”

குரு எழுந்து போய்ப் பின்சுவரோரத்து அடுக்கிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்துவந்தார். தூசி கனமாக இருந்தது. மாமனார் அடைத்தவை. ஒவ்வொன்றாகத் திறந்து இரண்டு கிளாஸில் ஊற்றினார்.

முதல் கிளாஸில் சன்னமாக நுரை எழுந்தது. சவரி குடித்துப் பார்த்தான். எலுமிச்சைத் தோல் வாசனை, கொஞ்சம் தேன், வெகுநேரம் நாக்கில் நிற்கிற புளிப்பு. இவ்வளவு வருடம் கழித்தும் துடிப்பாக இருந்தது.

இரண்டாவது கிளாஸில் நுரையே இல்லை. வாயில் வைத்ததும் துப்பிவிட்டான்.

“இதுல எந்தக் கலவை நல்ல கலவை?” என்றார் குரு.

“இதென்ன கேள்வி? முதல்ல குடிச்சதுதான்.”

“ரெண்டும் ஒரே கலவை அண்ணே. ஒரே நாள்ல அடைச்சது. ஒரே கை.”

சவரி இரண்டு கிளாஸையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

“அப்ப இது?”

குரு இரண்டாவது பாட்டிலின் கார்க்கை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். அது பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“இவ்வளவு வருஷம் ஆனப்புறம் பீருன்னு ஒண்ணு கிடையாது. பாட்டில்தான். ஒவ்வொரு பாட்டிலும் தனி ஆள்” என்றார்.

சவரிக்கு அது புரிந்தது. புரிந்ததால் ஒரு பயனும் இல்லை. அந்துவான் முன்னால் கார்க் உதிர்ந்துபோச்சு என்று சொல்லிப் பார்த்தான், மனசுக்குள்ளேயே. தோற்றவன் சொல்கிற சாக்கு மாதிரியே கேட்டது.

“கார்க் உதிர்ந்தா பீர் தோக்கல, சரி” என்றான். “ஆனா அவன் எதிர்ல உக்காந்திருப்பான் மதாம். ரெண்டு கிளாஸ் இருக்கும். ஒண்ணு நல்லா இருக்கும், ஒண்ணு நல்லா இருக்காது. அதான் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது.”

“யாருக்குத் தெரியாது?”

அவன் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான்.

வியாழக்கிழமை குரு சந்தைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது தொட்டியடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சவரி நின்றுகொண்டிருந்தான். கையில் ஈரத்துணி. தொட்டி விளிம்பில் அந்த இரண்டு பாட்டில்கள், நிமிர்ந்து நின்றபடி, பளபளவென்று. ஒன்றிலும் கோடு இல்லை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குழைத்த சுண்ணாம்பும் ஒரு தூரிகையும்.

கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ஒற்றைக் கோட்டை இரட்டையாக்கி, இரட்டையை ஒற்றையாக்கப் பார்த்திருக்கிறான். இரண்டு நிமிட வேலை.

குரு பையைக் கீழே வைத்தார். குழாயை மூடினார்.

“சுண்ணாம்பு காயுது அண்ணே. கோடு போடலையா?”

“கை வரல மதாம்.”

“துடைக்க வந்துச்சே.”

“துடைக்க வந்துச்சு” என்றான் சவரி. அவனுக்கு அழுகை வந்தது. அறுபது வயதில் இதற்கெல்லாம் அழுவது அசிங்கமாக இருந்தது, அதனால் இன்னும் வந்தது.

குரு கிண்ணத்தை எடுத்துக் கழுவினார். தூரிகையையும் கழுவிக் கவிழ்த்துவைத்தார். திட்டுவார் என்று அவன் காத்திருந்தான்.

“வண்டல் கலங்கிடுச்சு. படுக்க வையுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள படிஞ்சிடும்” என்றார்.

“கோடு இல்லாம எப்படி மதாம் அவன் முன்னால வைக்கிறது?”

“பாட்டிலா வைங்க.”

“எது யாரோடதுன்னு கேப்பானே.”

“கேப்பாரு.”

“நான் என்ன சொல்ல?”

“உங்களுக்குத் தெரியும்ல, எது உங்களோடதுன்னு?”

சவரி பாட்டில்களைப் பார்த்தான். ஒன்றில் பீர் ஒரு விரற்கடை குறைவு. கோட்டைத் துடைக்கலாம். இதைத் துடைக்க முடியாது.

“தெரியும்” என்றான்.

“அப்ப எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?”

வெள்ளியும் சனியும் அவன் எப்படிக் கழித்தான் என்பதை விவரிக்கப்போவதில்லை. நிலவறையில் இருந்த பூனைகூட அவன் காலில் மிதிபடாமல் இருக்க மாடிக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அந்துவான் வந்தான். சவரி மனசில் வைத்திருந்தது இருபத்தெட்டு வயதுப் பையனை. வந்தவன் தலை நரைத்து, தொப்பை போட்டு, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். விரல்களில் கறுப்பு ஏறியிருந்தது. எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கறுப்பு.

“நல்லா இருக்கியா அண்ணே?”

“இருக்கேன். நீ?”

“கால்தான். மத்தபடி நல்லா இருக்கேன்.”

அவ்வளவு வருடத்துக்கு அவ்வளவுதான் பேச்சு. மேசையின் ஒருபக்கம் சவரி, எதிர்ப்பக்கம் அந்துவான். நடுவில் கூடை. குரு பக்கத்தில் நின்றார்.

அந்துவான் கூடையைப் பார்த்தான்.

“ரெண்டுதான் இருக்குது. மத்ததெல்லாம்?”

“திறந்துட்டேன்.”

“நீ பொறுக்க மாட்டேன்னு தெரியும்” என்றான் அந்துவான். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு குனிந்து பார்த்தான். “கோடு அழிஞ்சிருக்கே.”

“ஆமா.”

“அழிஞ்சுதா, அழிச்சியா?”

சவரி குருவைப் பார்த்தான். குரு கார்க் திருகியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அழிச்சேன்” என்றான்.

அந்துவான் அண்ணனையே கொஞ்ச நேரம் பார்த்தான். இவனும் இந்த நிலவறையில் வேலை பார்த்தவன்தான். கோட்டை எவன் அழிப்பான், எதற்கு அழிப்பான் என்று யோசிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகியிருக்காது. அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

“சரி, ஊத்துங்க மதாம்.”

குரு முதல் பாட்டிலைக் கூடையில் சாய்த்தபடியே திறந்தார். கார்க் ஒரு சின்னச் சத்தத்தோடு வந்தது. கிளாஸில் பொன்னிறமாக இறங்கி, விளிம்பில் நுரை கட்டியது.

இரண்டாவது பாட்டிலின் கார்க் திருகியிலேயே பிட்டுக்கொண்டது. மீதியைக் கத்தி நுனியால் எடுக்க வேண்டியிருந்தது. சத்தம் இல்லை. பீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கியது. நுரை இல்லை.

இனிமேல் சவரி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, ஒரு வார்த்தை சொன்னால் போதும். கறுத்தது என்னோடது. அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது.

அதற்குள் அந்துவான் பொன்னிறக் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். பிறகு கறுத்ததை எடுத்தான். ஒரு வாய். அதை அவன் வாயில் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தான்.

பொன்னிறக் கிளாஸை அண்ணன் பக்கம் தள்ளினான்.

“இது உன்னோடது அண்ணே.”

சவரி கிளாஸைத் தொடாமல் அதையே பார்த்தான்.

“முதிர்ந்த பீப்பாய் வாசனை வருது பாரு” என்றான் அந்துவான். “நீ அதுலதானே நிறைய எடுத்த? அதான் நிக்குது. இது என்னோடது, இளசு. தாங்கல.”

“உனக்கு எப்படி நிச்சயமா...”

“என் பீரு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி. எனக்கு இதெல்லாம் வராது. குடி.”

சவரி குடித்தான். அருமையாக இருந்தது. தேனும் எலுமிச்சையும் உலர்ந்த திராட்சையும், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் புளிப்பும். பல வருடமாக அவன் தேடியது கிளாஸில் இருந்தது. அது தன்னுடையது இல்லை என்று அவனுக்குத் தெரியும். இல்லை என்று சொல்ல இப்போதும் நேரம் இருந்தது. அவன் இன்னொரு வாய் குடித்தான்.

எதிரில் அந்துவான் கறுத்ததைக் குடித்துக்கொண்டே பேசினான். மாமா கடையை அவனே வாங்கிவிட்டான். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. சின்னவன் கடைப் பக்கமே வருவதில்லை, சமையல் படிக்கிறான். நாக்கு நல்ல நாக்கு, யாரிடமிருந்து வந்ததோ தெரியவில்லை என்றான். ஒரு வாய், ஒரு பேச்சு, மறுபடி ஒரு வாய். அவசரப்படவே இல்லை.

சவரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கேலி இருக்கிறதா, கோபம் இருக்கிறதா, இரக்கம் இருக்கிறதா என்று தேடினான். ஒன்றும் இல்லை. ஒரு மனிதன் பீர் குடித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

கிளாஸின் அடியில் கொஞ்சம் இருக்கும்போது அந்துவான் அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

“பீப்பாயெல்லாம் அதே இடத்துலதான் இருக்குதா? பாத்துட்டு வரேன்.”

காலைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே போனான். இருட்டில் ஏதோ ஒரு பீப்பாயை அவன் உள்ளங்கையால் தட்டுவது கேட்டது.

சவரி தன் கிளாஸைக் காலி செய்தான். கீழே வைத்தான். திரும்ப எடுத்தான். வைத்தான். விரல் மேசையைத் தேய்க்க ஆரம்பித்தது.

“பாத்தீங்களா மதாம். நான் சொன்னதுதான் சரின்னு அவன் வாயாலயே சொல்லிட்டான்.”

“கேட்டேன்.”

“இன்னிக்குத் தூங்கிடுவேன்.”

“நல்லது அண்ணே.”

அவன் எழுந்து நின்றான். உட்கார்ந்தான். உள்ளே தட்டுகிற சத்தம் அடுத்த பீப்பாய்க்குப் போயிருந்தது.

“மதாம்.”

“சொல்லுங்க.”

“அந்தக் கறுத்தது என்னோடது.”

“தெரியும்.”

“அவனுக்கும் தெரிஞ்சிருக்குமா? இல்ல, நிஜமாவே தன்னோடதுன்னு நினைச்சானா?”

குரு அந்துவானின் கிளாஸை எடுத்தார். அடியில் ஒரு வாய் மிச்சம் இருந்தது. அதைச் சவரியின் முன்னால் வைத்தார்.

“குடிச்சுப் பாருங்க.”

சவரி எடுத்து வாயில் ஊற்றிக்கொண்டான். வினிகர்கூட இல்லை, வினிகருக்கும் கீழே. துருவும் அழுகலும் பற்களைக் கூசச்செய்தன. துப்ப இடம் தேடினான். உள்ளேயிருந்து அந்துவான் வந்துவிடுவானோ என்று பயந்து விழுங்கினான். கண்ணில் நீர் முட்டியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

“இதையா மதாம் அவன் கடைசி வரைக்கும் குடிச்சான்?”

“ஆமா” என்றார் குரு. “நீங்கதான் எதிர்ல உக்காந்து அவரு மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தீங்களே.”